சிவமலர் அக்கா கொடுத்துவிட்டுப் போன மிசின்

சண்டை நிறுத்தம் இருந்த காலத்தில், நெடுந்தீவுக் கரையில் வலை இழுக்கும்போது என் கணவருக்குக் குதிக்காலில் திருக்கை முள் குத்தியது. அவருக்கு ஏற்கெனவே சீனி வருத்தம், நீரிழிவு. புண் ஆறவில்லை. பழுத்து, எலும்பு தெரியக் குழிந்துபோனது. காற்றுக் காலம், படகும் ஓடவில்லை. கடல் அடங்கிய பிறகு குறிகட்டுவான் துறையில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம். புண் மணத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். நான் தலை குனிந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் வெட்டிச் சுத்தம் செய்தும் புண் மூடவில்லை. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்னார்.

"காலை எடுத்துப்போட்டு என்னை ஏன் வீட்டை கொண்டுபோறாய்?" என்று கேட்டுவிட்டு, கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்குச் செபமும் வரவில்லை. மாதாவே, ஒரு வழி காட்டும் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த கட்டிலில் நயினாதீவுச் சிவமலர் அக்காவின் ஒரே மகன். மிதிவெடியில் தொடை கிழிந்தவன். வெளிநாட்டில் இருந்த மாமன் அவனுக்குக் கைப்பை அளவான ஒரு மிசின் அனுப்பியிருந்தார். புண்ணுக்குள் பஞ்சு வைத்து, மேலே காற்றுப் புகாமல் மெல்லிய பிளாஸ்ரிக் ஒட்டிக் குழாயைப் பூட்டினால், அது பற்றரியில் ஓடி அழுக்கு நீரை உறிஞ்சும், சதை வளரும். ஆனால் அவனுக்கு நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. அக்கா தங்கள் ஊர்க் கோயில் அம்மாளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மன்றாடினார். அவன் பிழைக்கவில்லை.

பிரேதத்தை எடுக்க வந்தபோது அக்கா எங்கள் கட்டிலடிக்கு வந்தார். "டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன். மிசினை உம்மட மனுசனுக்குப் பூட்டுவினம்" என்றார்.

எனக்குக் கை நீளவில்லை.

"பிடியும் பிள்ளை. என்ர பிள்ளை நிக்கேல்லை. உம்மட மனுசன்ர காலாவது நிக்கட்டும்."

டொக்டர் மிசினைத் துப்புரவாக்கி, புதுப் பஞ்சும் குழாயும் போட்டுப் பூட்டினார். கிழமைகள் போகப் போகக் குழிக்குள் சிவப்புச் சதை எழும்பியது. பிறகு தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். கால் தப்பியது. கணவர் கெந்தித்தான் நடக்கிறார். கடலுக்குப் போவதில்லை, கரையில் இருந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறார்.

என் மன்றாட்டு கேட்கப்பட்டது. அந்தத் தாயின் மன்றாட்டு? பங்குச் சுவாமியிடம் கேட்டேன். அவர் கண் கலங்கி, அக்காவின் மகனுக்காக ஒரு செபம் சொன்னார். எனக்கு அதன் பதில் இன்றுவரை தெரியாது. முன்பு என் வீட்டுக்காக மட்டும் செபித்தவள், இப்போது அக்காவின் மகனை நினைக்காமல் படுப்பதில்லை. அவன் செத்து ஒரு வருடத்தில் வந்த ஆட்டைத் திவசத்துக்கு நானும் கணவரும் நயினாதீவு போனோம். அக்கா கணவரின் குதிக்காலைத் தடவித் தடவி அழுதார்.

நம்பிக்கை விட்டுப்போய் நிற்கும் உறவுகளே, கேளுங்கள். ஆண்டவர் உதவியை யார் கையில் கொடுத்து அனுப்புவார் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் கை அழுதுகொண்டு வந்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை விட்டுவிடாதீர்கள்.