இரண்டு தலைமேல் சத்தியம்

ஆலைச் சங்கு பிற்பகல் இரண்டு மணிக்கு ஊதியது. கரும்பு வெட்டுக் காலத்தில் அது தினமும் ஊதும். ஊதினால் என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகம் சுளிப்பாள். அன்று பொத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, "எப்போ வந்தீங்கப்பா?" என்றாள், தேவைக்கு மேல் உரத்த குரலில்.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. குளிர்காய்ச்சல் அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டையும் விடவில்லை. அவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. நான் பள்ளிக்கூடம் படித்தவன். குளிர்காய்ச்சலுக்குக் கொய்னாத் தூள்தான் மருந்து என்று தெரியும். என் மனைவியோ அந்த வெள்ளைத் தூள் பெண்பிள்ளையின் கருப்பைக்கு ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். வேப்பிலைக் கஷாயம், மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி, அவ்வளவுதான் அவள் வைத்தியம். இரண்டு நாள் சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு மாயெபூர் பட்டணத்துக் கடையில் தூள் வாங்கி வந்து மாட்டுக் கொட்டகையில் ஒளித்துவைத்தேன்.

காலையில் மாட்டுக்குப் புல் போடும் சாக்கில் மகளைக் கூட்டிப்போவேன். அவள் தலையை என் விலாவோடு அணைத்து, மூக்கைப் பிடித்து, கரைத்த தூளை ஊற்றுவேன். ஒருமுறை விரலைக் கடித்துவிட்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மாவிடம் சொல்வதில்லை என்று என் தலைமேல் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் தவறினால் யார் தலைமேல் செய்ததோ அவர் செத்துப்போவார் என்பதை எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கு முன்பே கற்றுக்கொள்கிறார்கள்.

காது மந்தமானதும், காய்ச்சல் மூளைக்கு ஏறுகிறது என்று பயந்து மறுநாள் தூளைச் சற்றுக் கூட்டினேன். காதுக்குள் மணி அடிக்கிறது என்றாள். என் மனைவிக்கு அது அம்மன் கோயில் மணி, கற்பூரம் ஏற்றினாள். மூன்றாம் நாள் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்ன செய்கிறது, சொல் என்று இருவரும் முகத்துக்கு நேரே கத்தினோம். அவள் எங்கள் தலைகளை மாறி மாறிப் பார்த்தாள். முகங்களை அல்ல, தலைகளை. நான் மருந்துச்சாலைக்கு ஆள் அனுப்பினேன்.

இன்று அவளுக்கு நன்றாகக் கேட்கிறது. ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. ஆனாலும் சங்கு ஊதும்போதெல்லாம் என் கண் அவள் கைகளைத்தான் தேடும். அன்பில்லாதவனால் ஒரு குழந்தையின் மூக்கை அவ்வளவு கெட்டியாகப் பிடிக்க முடியாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். அந்தப் பிடியை நினைத்தால் விரல் தழும்பைத் தடவிக்கொள்வதும் உண்மை.

ஆள் அனுப்பிய அன்று மாலையே மருந்துச்சாலைக்காரர் சைக்கிளில் வந்தார். மாயெபூர் கிறிஸ்தவத் தமிழர். ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்ற பொருளில் முசே என்பார்கள். காதைப் பார்த்தார், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மனைவி நிற்கும்போதே கொட்டகைக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து வைத்தேன். கொய்னா கூடினால் காது அடைக்கும், ஆனால் இந்த அளவுக்கு இவ்வளவு அடைக்காதே என்று யோசித்தவர், தினமும் மருந்துச்சாலைக்குப் பால் கொண்டுபோகும் என் மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் குடுத்தது எங்கே, அக்கா?"

"அவருக்குத் தெரியவேணாம்னு கேட்டுக்கிட்டேனே, முசே."

அரிசிப் பானைக்குள்ளிருந்து அதே வெள்ளைத் தூள் இன்னொரு பொட்டலம் வந்தது. ஊரெல்லாம் ஆகாது என்று சொன்னவள், கஷாயத்தில் கலந்தால் என் கண்ணில் படாது என்று மகளுக்குத் தெரிந்தே தினமும் கலந்திருக்கிறாள். அவளும் மகளிடம் தன் தலைமேல் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மகள் இரண்டு பொட்டலங்களையும் பார்த்தாள். பிறகு எங்கள் தலைகளைப் பார்த்தாள். இருவரும் உயிரோடுதான் நின்றோம். அப்போதுதான் அழுதாள்.

கொஞ்ச நாள் நிறுத்தினால் காது திரும்பும் என்றார் முசே. சைக்கிளில் ஏறியபின் காலை ஊன்றி நின்றார்.

"அப்புறம் யாராவது ஒருத்தர் மட்டும் குடுங்க. இன்னொருத்தர் சும்மா இருக்கணும். ரெண்டுல அதுதான் கஷ்டமான வேலை. அதை யார் செய்யப்போறீங்க?"