ஒடுங்கிய பாதத்துக்கு ஒரு ஷூ

ஏசம்மாளின் பாதம் ஒடுங்கலானது. நீளத்துக்குக் குறைச்சலில்லை, அகலம்தான் கிடையாது. ராஜபாளையம் நூல்மில்லில் அவளுக்குக் கொக்குக்கால் என்றே பெயர். செருப்பு கழன்று கழன்று ஓடியதால், வேலை பார்த்த காலம் பூராவும் வெறுங்காலோடுதான் மிஷின்களுக்கு நடுவே நடந்து அறுந்த நூலை ஒட்டினாள். அந்தக் கால்களைக் கடைசியில் சர்க்கரை பிடித்துக்கொண்டது. சுடுதண்ணீர் பட்டால்கூட உறைக்காத அளவுக்குப் பாதம் மரத்துப்போனது.

மகள் ஜெமிக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்து, இப்போது குப்புற விழுந்து சிரிக்கிறது. இனி நடக்க வேண்டியது இவள்தான். டாக்டரம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். போயே தீருவேன் என்றால் காலைப் பிடித்தாற்போல் மூடிய ஷூ போட்டுக்கொண்டு போ, வெறுங்கால் கூடவே கூடாது என்றார்.

கணவர் ஞானராஜ் அதே மில்லில் ஃபிட்டர். ராஜபாளையத்தில் ஒரு கடை விடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். நீளம் சரியாக இருந்தால் கால் உள்ளே ஆடியது. அகலம் பொருந்தினால் விரல் மடங்கியது. ஒரு கடைக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவை எடுத்து நீட்ட, ஏசம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நீல ஷூ அகப்பட்டது. அதுவும் லூசுதான், ஆனால் அடி மெத்தென்று இருந்தது.

"மில்லுல கொஞ்சம் வேஸ்ட் கொண்டாங்க. நான் ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிடுதேன்" என்றாள்.

வேஸ்ட் என்றால் கழிவுப் பஞ்சு. கை துடைக்க, தலையணைக்கு என்று மில்காரர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் பிரித்து, உதறி, விரலால் தடவிப் பார்க்காமல் யாரும் அதைத் தொடமாட்டார்கள். நூல் ஓடுகிற டிராவலர் என்ற குட்டி எஃகு வளையம் உடைந்து தெறித்து அதில் சிக்கியிருக்கும். தடவாமல் எடுத்த புதுப் பெண்களை ஏசம்மாளே எத்தனையோ தடவை வைதிருக்கிறாள். அன்றைக்கு ஷூ கிடைத்த சந்தோஷத்தில், பாவி மகள், வந்த பஞ்சை அப்படியே திணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பழகிப் பார்க்கலாம் என்று இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தார்கள். ஷூ கழலவே இல்லை. "மெத்தை மேல நடக்க மாரி இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டு ஏசம்மாள் முன்னால் போனாள். ஞானராஜுக்குத்தான் மூச்சு வாங்கியது. ஊர் முகப்பில், மடவார் வளாகத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வலது காலுறை ரத்தத்தில் ஊறிப் பாதத்தோடு ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இடுக்கியால் வளைந்த எஃகுத் துண்டு ஒன்றை எடுத்துவிட்டு, இது என்ன என்று கேட்டார்கள். டிராவலரை மிஷினில் மாட்டுவதும் கழற்றுவதும்தான் ஞானராஜின் வேலை. ரோட்டில் கிடந்த ஏதோ கம்பி என்று ஏசம்மாள் முந்திக்கொண்டு சொன்னாள். அவர் தலை நிமிரவில்லை.

புண் ஆறவில்லை. கறுத்து மேலே ஏறியது. மதுரையில் வைத்து வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டம் பாட்டோடு தெருவுக்குள் வந்தது. ஏசம்மாள் கட்டிலில் இருந்தாள். ஞானராஜ் மிச்சமிருந்த இடது ஷூவை மடியில் வைத்து, உள்ளே இருந்த பஞ்சை இழை இழையாகப் பிரித்துத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் இதே வேலைதான். அதில் ஒன்றும் இருக்காது.

"நாந்தான கொண்டாந்தேன்" என்றார்.

"கேட்டது நானு. தடவிப் பாக்காம திணிச்சதும் நானு."

"பொறவு எதுக்கு ரோட்டுக் கம்பின்னு சொன்ன?"

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அந்த ஒரு பொய்யால்தான், பஞ்சு கொண்டுவந்த தன்னையே அவள் குற்றவாளியாக நினைக்கிறாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். பஞ்சைத் திரும்ப அடைத்துவிட்டு அவர் எழப் போனபோது, இடது காலை நீட்டினாள்.

"போட்டுவிடுங்க."

போட்டுவிட்டுக் கயிற்றைக் கட்டினார். ஊன்றுகோலை அக்குளில் கொடுத்து அவள் வாசலுக்குப் போவதற்குள் பாட்டு தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஷூ கழலவில்லை. கனகச்சிதமாக இருந்தது.