அடித்த வரி

நான் குமாஸ்தாவாக இருக்கும் வழக்கறிஞர் எழுதிய மேல்முறையீட்டு மனுவை, திண்டுக்கல் நீதிமன்ற வாசலில் நிலக்கோட்டைப் பூ விவசாயி ஒருவர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். பக்கத்துத் தோட்டக்காரரை மண்வெட்டிப் பிடியால் அடித்ததை ஒப்புக்கொண்டு, ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்று, மேல்முறையீட்டுக்காக ஜாமீனில் வந்திருந்தவர். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டது எனக்குப் புரியவில்லை' என்ற வரியில் விரல் நின்றது.

“புரிஞ்சுதுங்கய்யா.”

“அந்த வரி இருந்தா வழக்கு மறுபடி முதல்லருந்து நடக்கும்யா, தப்பிச்சிரலாம். நீ என்ன அரிச்சந்திரன் பேரனா?” என்றார் வழக்கறிஞர்.

“அடிச்சது நாந்தான். ஒரு வருசம் ஜாஸ்தி, அதை மட்டும் கேளுங்க. இல்லேன்னு சொல்லிட்டு, நாளைக்கு வரப்புல அவன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?”

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “உள்ள ரொம்ப அடிப்பாங்களாய்யா?” என்று கேட்டார். சிறைக்குப் பயந்த மனிதர்தான். ஆனால் அவர் போட்ட கோடு நேராக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.