கல்விக்கு ஒரு புள்ளி

அந்தத் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் ஒரே ஒரு விசைக்கு மட்டும் தொப்பி உண்டு. பழைய ஹவாய் செருப்பின் அடியிலிருந்து பிளேடால் வட்டமாக வெட்டியெடுத்த நீல ரப்பர்த் துண்டு. கோந்து நிற்கவில்லை என்று சைக்கிள் பஞ்சர் பசையால் ஒட்டியிருந்தது. வலது கைச் சுண்டுவிரல் விழும் இடம் அது, புள்ளிக்கான விசை. இருப்புச் சரிபார்க்க வந்த ஒருவர், அரசு உடைமையில் அனுமதியின்றி மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்று குறிப்பெழுதிவிட்டுப் போனார். தொப்பி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. விதிகள் எனக்குத் தெரியும். வாழ்நாளில் பாதியை அவற்றோடுதான் குடித்தனம் செய்தேன்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்பது வேண்டாம், எல்லாத் துறையும் ஒன்றுதான். நான் அங்கே கண்காணிப்பாளர். செருப்புத் துண்டை ஒட்டியவர் எங்கள் தட்டச்சர். அலுவலகம் முழுவதற்கும் அவர் டைப்பிஸ்ட்டம்மா. இரும்புலியூரிலிருந்து நடந்தே வருவார். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர் வீட்டில் செய்தித்தாளோடு இருந்தார். மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நடப்பதெல்லாம் டைப்பிஸ்ட்டம்மாவின் சம்பளத்தில் நடந்தது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சில் மேல்நிலை தேறியவர். நான் எழுதிக் கொடுக்கும் வரைவில் சந்திப் பிழை இருந்தால், கேட்காமலே திருத்தி அடித்துத் தருவார். அதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். அவரும் சொல்லிக் காட்ட மாட்டார்.

முதலில் வந்தது நிறம். ஒரு மார்கழிக் காலையில் அவருடைய விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. பிறகு நீலம் பாரித்தன, சூடான டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்த பிறகு சிவந்தன. அடுத்த மழைக்காலத்தில் கம்பளிச் சட்டையோடு வரத் தொடங்கினார். எங்கள் பியூன், “இன்னா டைப்பிஸ்ட்டம்மா, மெட்ராஸ்ல ஸ்வெட்டர் போட்டுகினு வந்துகீறீங்க, ஊட்டிக்கு மாத்தல் வந்துகீதா?” என்றான். அவரும் சிரித்தார். மின்விசிறியின் நேர்க்கீழே இருந்த மேஜையை அவர் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டபோதுதான் அலுவலகம் முதல்முறையாகக் கோபப்பட்டது. விசிறிக்குக் கீழே உட்கார ஆளாளுக்கு அடித்துக்கொள்கிற இடத்தில், ஒருத்தி அதை வேண்டாம் என்று ஒதுக்குவது திமிராகத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு புண்கள் வந்தன. விரல் நுனியில், நகத்துக்குக் கீழே, மிளகு அளவில் ஒரு குழி. பார்த்தால் ஒன்றுமில்லை, முள் குத்தியதுபோல் இருக்கும். ஆனால் அது ஆற மாதக்கணக்கில் ஆகும். ஆறியதும் அந்த இடத்தில் சதை குறைந்து நுனி கூராகிவிடும். அதற்குள் அடுத்த விரலில் ஒன்று திறந்திருக்கும். சிலதிலிருந்து வெள்ளையாகச் சுண்ணாம்புத் துகள் வெளியே வரும் என்று ஒருமுறை சொன்னார். விரல் என்பது எத்தனை வேலை செய்கிறது என்பதை அவர் மூலம்தான் அறிந்தேன். ரவிக்கைக் கொக்கியை மகள்தான் மாட்டிவிட வேண்டும். பூண்டு உரிக்க முடியாது, புளி கரைக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் பாத்திரம் துலக்கினால் கை மரத்துப்போகும். மகளுக்குத் தலை பின்னிவிடுவதை நிறுத்திவிட்டார்; பெண் தானே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாப்பாட்டு டப்பாவின் மூடியை வீட்டிலேயே தளர்த்தி வைத்துக்கொண்டு வருவார், இங்கே யாரிடமும் திறந்து தரச் சொல்லக் கூடாது என்பதற்காக. வழியில் ரசம் கொட்டிப் பையெல்லாம் மணக்கும். அந்தச் சாதத்தையும் கையால் பிசைய முடியாது. உப்பும் காரமும் புண்ணில் பட்டால் உயிர் போகும். ஸ்பூனால் சாப்பிட்டார். “துரைசாணிக்கு நம்ம பழக்கமெல்லாம் மறந்துபோச்சு” என்று அவர் காதுபடவே ஓர் அம்மாள் சொன்னார். தினமும் அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்கு ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார்கள். தோல் இறுகிக்கொண்டே போகும், ரத்தக் குழாய்கள் சுருங்கும், ஒட்டாது, பரவாது என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். ரத்தக் குழாய் விரிய ஒரு மாத்திரை. அதைச் சாப்பிட்டால் தலைவலியும் கால் வீக்கமும். கூடவே அறிவுரை: குளிர்ந்த நீரைத் தொடாதீர்கள், விரல் நுனியில் அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டச்சரிடம், அதுவும் வீட்டு வேலை முழுவதையும் தானே செய்யும் ஒரு தட்டச்சரிடம் இதைச் சொல்லி அனுப்பினார்கள். மருத்துவத் துறையிலும் வரைவு எழுதுபவர் வேறு, அனுபவிப்பவர் வேறுதான் போலிருக்கிறது.

அந்தப் பெயர் அலுவலகத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த பெயரை வைத்துக்கொண்டார்கள். பெருவியாதி. படித்தவர்கள் தொழுநோயை அப்படித்தான் சொல்வார்கள், குரலைத் தாழ்த்தி, மரியாதையாக. பொதுப் பானைத் தண்ணீரை ஒவ்வொருவராக விட்டுவிட்டு வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தார்கள். டீக்கடைப் பையனிடம் யார் சொன்னார்களோ தெரியாது, அவருக்கு மட்டும் ஓரம் உடைந்த கிளாஸ் வந்தது. எப்போதும் அதே கிளாஸ். எங்கள் அதிகாரி, டைப்பிஸ்ட்டம்மா அடித்த கடிதங்களை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். டைப்பிஸ்ட்டம்மா டாக்டரின் சீட்டைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். எல்லாரும் படித்துத் தலையாட்டினார்கள். பாட்டில்கள் மட்டும் மறைந்தபாடில்லை.

இப்போது புள்ளி. தமிழ்த் தட்டச்சில் முதலில் புள்ளியை அடித்துவிட்டுப் பிறகுதான் எழுத்தை அடிக்க வேண்டும். புள்ளிக்கு மட்டும் தாள் நகராது. ஒரு சாதாரண அரசாணையில் எழுத்துக்கு எழுத்து புள்ளிதான். அத்தனையும் பாவப்பட்ட அந்தச் சுண்டுவிரல் தலையில். கார்பன் தாள்களை அடுக்கி அடித்தால், கடைசிப் பிரதியிலும் புள்ளி விழும்படி ஓங்கிக் குத்த வேண்டும். வலது சுண்டுவிரலில் புண் வந்தபோதுதான் செருப்புத் துண்டு வந்தது. அதுவும் போதாமல் போனபோது அவர் ஓர் உபாயம் செய்தார். புள்ளிகளையே அடிக்காமல் விட்டுவிட்டு, எல்லாம் அடித்து முடித்த பின், பேனாவை இரண்டு விரல் இடுக்கில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பிரதியிலும் கையால் புள்ளி வைத்தார். மாலையில் எல்லாரும் ரயிலுக்கு ஓடிய பிறகும் உட்கார்ந்து வைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு கடிதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று. மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிய கடிதம். ‘கல்வி’யில் புள்ளி இல்லை. அவர் மாவட்டக் கலவி அலுவலர் ஆகிவிட்டார். அதிகாரி படித்துப் பார்க்காமல் கையெழுத்திட, அது போய்ச் சேர்ந்தும்விட்டது. அங்கிருந்து வந்த தொலைபேசியில் யாரோ சிரித்த சிரிப்பு எங்கள் அதிகாரிக்கு அன்றைய சாப்பாட்டைக் கெடுத்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு விளக்கம் கேட்டு மெமோ போகாது என்பதால், அடித்தவருக்குப் போயிற்று.

இதிலிருந்து மீள ஒரு வழி இருந்தது. தட்டச்சரை இளநிலை உதவியாளராக மாற்றலாம். விதி இடம் கொடுத்தது, காலியிடமும் இருந்தது. நானே அவரை அழைத்துச் சொன்னேன். அவருக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“அந்த சீட்ல பேனா புடிச்சா போதும் இல்ல சார்? அடிக்க வேண்டியதில்ல?”

மருத்துவக் குழுவின் கருத்தைக் கேட்டு எழுத வேண்டியது முறை. நான் வரைவில் இரண்டு கேள்விகள் வைத்தேன். இவர் தட்டச்சர் பணிக்குத் தகுதியானவரா? இல்லையெனில், எழுத்துப் பணிக்குத் தகுதியானவரா? அதிகாரி வரைவைப் படித்தார். கலவிக்குப் பிறகு எல்லாவற்றையும் படித்தார். சிவப்பு மசியால் இரண்டாவது கேள்வியைக் கோடிட்டு அடித்தார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் வந்தா போதும் சூப்பிரண்டு. நீங்க கேள்விய வளத்தாதீங்க. அந்தக் கை நாளைக்கு எல்லா ஃபைலையும் தொடணுமா?”

ஒட்டாத நோய் என்று டாக்டரே எழுதியிருக்கிறார் என்றேன். இரண்டாவது கேள்வி அவசியம் என்று தனிக் குறிப்பும் எழுதி வைத்தேன். அதிகாரி ‘பார்த்தேன்’ என்று எழுதி அதற்குக் கீழே ஒப்பமிட்டார். அரசு மொழியில் அதற்குப் பொருள், பார்க்கவில்லை என்பது.

மருத்துவக் குழு அவரை விரலை நீட்டச் சொன்னது, மடக்கச் சொன்னது. முழுதாக நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. எழுத முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி நாங்கள் கேட்கவில்லையே. தட்டச்சர் பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதன்மேல் இயலாமை ஓய்வில் அனுப்பும் ஆணை வந்தது. வேறு பிரிவில் யாரோ தற்காலிகமாக வந்த ஆள் அடித்த ஆணை. அதில் டைப்பிஸ்ட்டம்மாவின் பெயரே தப்பு. அதற்காக யாருக்கும் மெமோ போனதாக எனக்கு நினைவில்லை.

சில வருடங்களில் ஒரு சட்டம் வந்தது. பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, வேறு பணி கொடுக்க வேண்டும் என்கிற சட்டம். அதன் நகலை எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றுக்கு விட்டு, ஆளாளுக்குக் கையொப்பம் வாங்கிக் கோப்பில் சேர்த்தவன் நான்தான். இப்போது கைபேசியில் தொட்டாலே புள்ளி விழுகிறது, வலியில்லாமல். இந்த நோயை ஒரு பார்வையிலேயே பெயர் சொல்லி அழைக்கும் டாக்டர்கள் தாம்பரத்திலேயே இருக்கிறார்கள். எல்லாம் வந்துவிட்டது, உரிய காலத்துக்குப் பிறகு.

ஆணையை வழங்கிய அன்று காலை அவருக்குக் கையில் புதிதாக இரண்டு புண்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். உதவியாளர் நல்ல பையன். பேனாவைத் தராமல், மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினான். “சும்மா பெருவிரல வச்சுடுங்கம்மா. நான் சாட்சி போட்டுக்கறேன்” என்றான்.

“நான் கைநாட்டு இல்ல தம்பி.”

பேனாவை வாங்கி, இரண்டு கைகளுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதினார். பிழையில்லாமல். எழுதி முடிக்கும்வரை யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, விடுவிப்பு முற்பகலா பிற்பகலா, எதைப் போட வேண்டும் என்று கேட்டார். முற்பகல் என்றால் அன்றைய நாள் பணியில் சேராது. பிற்பகல் என்றேன். எழுதினார்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தோம். அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இயந்திரத்தை முதல் நாளே அடுத்த பிரிவுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள், வெறும் மேஜை. வீட்டுக்குப் போகலாமே என்று பியூன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “பிற்பகல்னு எழுதியிருக்கேன்ப்பா” என்றார். அதற்கு மேல் சொல்ல விதியில் இடமில்லை. அதிகாரி தன் அறைக்கு அந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். அதன்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, மாலை அலுவலகம் முடியும்வரை அவர் உட்கார்ந்திருந்தார்.