முதல் ஸ்னோவும் எங்கள் ரயர் கடையும்

பல் வைத்தியரிடமும் ரயர் கடைக்கும் சனம் வலி வந்த பிறகுதான் வரும்.

நான் கனடாவின் ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கமுள்ள ஒரு கராஜில் குளிருக்கும் கோடைக்கும் காருக்கு ரயர் மாற்றுகிறவன். முதல் ஸ்னோ கொட்டிய காலையில் எங்கள் வாசலிலிருந்து தெரு முனைவரை நின்ற கார் வரிசையில் நீங்களும் நின்றிருப்பீர்கள். ஆறிப்போன கோப்பியைப் பிடித்தபடி எங்களை மனதுக்குள் திட்டியும் இருப்பீர்கள். கோபமில்லை. அந்த வரிசையில் வந்தவர்களால்தான் என் வின்ரர்கள் ஒப்பேறின. சிலரைச் சொல்கிறேன்.

காத்துக் கள்ளன்

ராசன் அண்ணை விடிய எழும்பி மிசிசாகாவுக்கு, விமான நிலைய வேலைக்குப் போகிறவர். குளிர் தொடங்கிய கிழமை, ரயரில் காத்துக் குறைவு என்று அவருடைய காரில் லைற் எரிந்தது. காத்தடித்து அனுப்பினோம். குளிர் இறுகியதும் மறுபடி எரிந்தது. "உது பக்கத்து வீட்டுக்காரன்ரை வேலை" என்றார். ஸ்னோவைத் தன் பக்கம் தள்ளிவிட்டான் என்று இருவருக்கும் ஏற்கெனவே கதை பேச்சு இல்லையாம். அவனைப் பிடிக்க வாசலில் கமரா பூட்டப்போவதாக நின்றார்.

"அண்ணை, குளிருக்குக் காத்துச் சுருங்கும். ஒருத்தரும் திறந்துவிடத் தேவையில்லை. மாசத்துக்கு ஒருக்கா, கார் ஓட முன்னம் அளந்து பாருங்கோ" என்றேன். "நீர் அவனைத் தெரியாமல் கதைக்கிறீர்" என்று போய்விட்டார். பிறகு ஒருநாள் இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டாவதிலிருந்து ஒரு கிரேக்கக் கிழவர் இறங்கினார். அவர்தான் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய காரிலும் அதே லைற் எரிந்ததாம். அவருக்கு ராசன் அண்ணை மேல் சந்தேகமாம். இருவரும் வீட்டு வாசலில் சண்டை பிடித்து, குளிர்தான் காரணம் என்று விளங்கி, சிரித்துவிட்டு வந்திருந்தார்கள். ராசன் அண்ணை சொன்னார்: "இவர்தான் நான் சொன்ன கள்ளன். இவரின்ரை காருக்கும் காத்தடிச்சு விடும் தம்பி, நானும் இவருக்குக் கள்ளன்தான்."

முன்னுக்கு இரண்டு போதும்

வசந்தி அக்கா வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவர். ஒரு நவம்பரில் வந்து, கையிலிருந்த காசுக்கு முன் சில்லுகளுக்கு மட்டும் குளிருக்கான வின்ரர் ரயர் போடச் சொன்னார். எங்கள் முதலாளி குகன் அண்ணை மறுத்துவிட்டார். "முன்சில்லு பிடிச்சு நிக்கும், பின்சில்லு வழுக்கிக் கொண்டு சுத்தி வரும். நாலும் போடோணும் பிள்ளை, இல்லாட்டி ஒண்டும் வேண்டாம்."

வசந்தி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிக்கரிங்கில ஒரு கிழவர் இருக்கிறார். நான் போய்த் தூக்கி இருத்தினால்தான் அவர் கட்டிலை விட்டு எழும்பலாம். நான் போகாட்டி அவருக்கு வேற ஆளில்லை" என்றார். குகன் அண்ணை பின்பக்கம் போனார். பழைய ரயர்க் குவியலைக் கிளறி, அதே ரகத்தில், தெருவைப் பிடிக்கும் தவாளிப்பு நன்றாக ஆழமாயிருந்த இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். நாலையும் பூட்டி அனுப்பினோம். கோடை ரயர் மாற்ற வந்தபோது வசந்தி அக்கா கை நிறைய வடையோடு வந்தார். "ஒருநாளும் பிந்தேல்லை அண்ணை. அந்தக் கிழவர் ஒவ்வொரு விடியவும் உங்களுக்கும் சேர்த்துத்தான் தாங்க்யூ சொன்னவர், நான்தான் கொண்டுவந்து தரேல்லை."

யூசுப்பின் ஓட்டம்

என்னோடு வேலை செய்யும் யூசுப் ஆப்கானிஸ்தான்காரர். சில்லு நட்டுகளை மெஷின் இறுக்கிய பிறகும் ஒவ்வொன்றையும் கையால் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பார். "நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்ப வாங்கோ, இறுக்கிப் பாப்பம்" என்று எல்லாரிடமும் சொல்வோம். அரைவாசிப்பேர் வருவதில்லை. நீங்களும் வந்திருக்கமாட்டீர்கள்.

ஒருநாள் கலியாண வீட்டுக்கு அவசரப்பட்ட ஒருவர், மனைவி பிள்ளைகளோடு, யூசுப் கடைசிச் சில்லைக் கையால் பார்க்க முன்னமே காரை எடுத்துவிட்டார். யூசுப் ஜக்கெற்றும் போடாமல் ஸ்னோவுக்குள் ஓடி, சிவப்பு லைற்றில் நின்ற காரின் கண்ணாடியில் தட்டினார். வேட்டி சால்வையோடு இருந்தவர் ஏசியபடிதான் திரும்பி வந்தார். கையால் இறுக்கியபோது, நட்டு ஏறும் போல்ற் ஒன்றில் வெடிப்பு விழுந்திருந்தது தெரிந்தது. மனைவி பின் சீற்றில் தூங்கிய பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். கணவர் சால்வையால் நெற்றியைத் துடைத்தார். புது போல்ற்றை எடுத்துக்கொண்டே யூசுப், எங்களிடம் பழகிய தமிழில் அவரைத் தேற்றினார்: "கோவிக்காதேங்கோ அண்ணை, கலியாணம் ஓடாது, சில்லுத்தான் ஓடும்."

விண்டர் ஒரு சீசன் இல்லையா?

சரவணன் கோயம்புத்தூர்க்காரர், கம்பியூட்டர் வேலை. அவருக்கும் மனைவிக்கும் அது கனடாவில் முதல் குளிர்காலம். மனைவி நிறைமாதம். "டயர்ல ஆல் சீசன்னு எழுதியிருக்கே அண்ணா. விண்டர் ஒரு சீசன் இல்லையா?" என்று கேட்டார். அவரை வெளியே கூட்டிப்போய், குளிரில் கிடந்த இரண்டு ரயர்களை விரலால் அழுத்தச் சொன்னேன். ஆல் சீசன் மரக்கட்டை மாதிரி இருந்தது. மலைக்குள் பனிப்பூப் படம் போட்ட வின்ரர் ரயர் மெத்தென்று இருந்தது. மறுபேச்சில்லாமல் நாலும் வாங்கினார்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், எதிர்க்கடை தெரியாத அளவுக்கு ஸ்னோ. கடைக்கு ரெலிபோன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சரவணன். மனைவிக்கு வலி எடுத்து, அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்றதும் தானே ஓட்டிப் போயிருக்கிறார். மேட்டில் வழுக்கி நின்ற கார்களைத் தாண்டி மெல்ல மெல்ல ஏறினாராம். "இப்ப எப்பிடி இருக்கிறா?" என்றேன். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது: "நாலு டயரும் நல்லா இருக்குண்ணா, பொண்ணு பொறந்திருக்கா, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன், ஊருக்கு இன்னும் போன் பண்ணல."

இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் ரயர் மாற்றியதும் அதை மறந்து நிம்மதியாகக் கார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் என் தொழிலின் பெருமை. ஆனாலும் தயவுசெய்து முதல் ஸ்னோ கொட்டும் அந்த ஒரே நாளில் எல்லாரும் அதை நினைக்காதீர்கள்.