ரைட்டுச் சம்பந்தியும் குளத்து நாற்காலியும்

என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாமனார் பஸ் கண்டக்டர். ஊருக்கு அவர் ‘ரைட்டு’. எனக்குச் சம்பந்தி. அவரைப் பற்றிப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். நான் சொல்வதுதான் சரி. ஒரே கட்டடத்தில் அவர்கள் முதல் மாடி, கீழ்வீடு; நான் இரண்டாம் மாடி, மேல்வீடு. அங்கே அவர் தும்மினால் இங்கே என் பாத்திரம் அதிரும்.

வயதாகிவிட்டது என்று மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைதான் போனது, கண்டக்டர் போகவில்லை. வாசலில் யாராவது நின்று பேசினால், “படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் காலியா இருக்கு” என்பார். குளியலறையில் யாராவது நேரமெடுத்தால் கதவுக்கு வெளியே விசில் சத்தம் கேட்கும். விசில் அவருடைய சொந்த விசில். அதைத் திருப்பிக் கொடு என்று ஒருவரும் கேட்க முடியாது.

ஒருநாள் சம்பந்தியம்மா, அதாவது அவருடைய வீட்டுக்காரி, மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள்.

“இவரை எங்கயாச்சும் ஏத்தி விடுங்க சம்பந்தி. எந்த வண்டின்னாலும் பரவால்ல.”

தெருக்கோடியில் ஒரு குளம் உண்டு. தண்ணீரே தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. மருந்துக்கடைக்காரம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆள் சேர்த்து அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சம்பளம் கிடையாது, சேறு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. அங்கே போங்கள் என்று அவரிடம் சொன்னவள் நான்தான்.

போனார். போன அன்றைக்கே எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். பிடுங்கிய கொடி கைமாறிக் கைமாறிக் கரைக்கு வரும். இவர் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “முன்னால போங்க, முன்னால போங்க, பின்னால ஆளு வருது” என்பார். டயர்க்கடைக்காரர் இடுப்பு வலிக்கிறது என்று சற்று உட்கார்ந்தால் விசில். அத்தனை பேரும் திட்டிக்கொண்டே அடுத்த வாரமும் வந்தார்கள். கீழ்வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அமைதி பிறந்தது.

அந்தக் குளத்தில் ஒரு நீர்க்காகம் இருந்தது. கறுப்பு. மீன் பிடித்து முடித்ததும் நடுக்குளத்தில் ஒரு கொடி மேட்டின்மேல் ஏறி, யாரோ ஈரச்சட்டையைத் துணிக்கொடியில் போட்டதுபோல இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைக்கும். பிறந்ததிலிருந்து ஒரு பறவையையும் ஏறிட்டுப் பார்க்காத மனிதர், இதைப் பார்த்தபின் சாப்பிடும்போதும் இதே பேச்சாக இருந்தார்.

“இங்க முங்கும், அங்க எந்திரிக்கும். செக்கிங் வரும்போது டிக்கெட் எடுக்காதவன் பண்ணுவான் பாருங்க, அதே மாதிரி.”

“அதுக்கும் அபராதம் போட்டீங்களா?” என்றாள் சம்பந்தியம்மா.

“போட்டிருப்பேன். கைக்குச் சிக்கலையே.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நகராட்சி, குளத்தை மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போவதாகச் சொன்னது. மருந்துக்கடைக்காரம்மா விடுவாளா? நடையாய் நடந்தாள். கடைசியில் அதிகாரி இறங்கி வந்தார். “ஞாயித்துக்கெழம நான் நேர்ல வர்றேன். அதுல ஏதாவது உசுரு இருக்கான்னு கண்ணால பாத்துட்டு எழுதுறேன். வெறும் சாக்கடைன்னா மூடிருவோம்” என்றார். அவள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே குளத்தைப் பார்க்க ஊரையும் அழைத்துவிட்டாள். பிள்ளைகளுக்குத் தூரக்கண்ணாடி, கரையில் நட மரக்கன்று, எல்லாம் ஏற்பாடு ஆனது. அதிகாரிக்கு நீர்க்காகத்தைக் காட்டும் பொறுப்பு மட்டும் ரைட்டுச் சம்பந்திக்கு.

அந்த வாரம் மாடிப்படியில் என்னைப் பார்த்தவர் மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

“பஸ்ல இருந்து எறக்கிட்டாங்க. இதையும் மூடிட்டா நான் எங்க போய் நிப்பேன் சம்பந்திம்மா?”

உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். படியிலேயே நின்று குடித்தார்.

சனிக்கிழமை கடைசிச் சுத்தம். மற்றவர்கள் கரையேறிய பிறகும் இவருக்கு மனசு ஆறவில்லை. நடுவில் மிச்சமிருந்த அந்தக் கொடி மேட்டையும் போய்ப் பிடுங்கினார். உள்ளே பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஒடிந்தது, சேற்றில் சாய்ந்து நிற்கிறது. அதிகாரி வரும்போது குளத்துக்கு நடுவில் ஓட்டை நாற்காலியா? தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லாரும் அத்தனை நாளாகப் பறவையைப் பார்த்தார்களே தவிர, அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பு, கிளை எல்லாவற்றையும் ஏற்கனவே பிடுங்கியாயிற்று.

இங்கே சம்பந்தியம்மாவின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனுடைய பஸ்ஸில் ஒருநாளும் உட்கார்ந்து போனதில்லை. இடம் காலியாக இருந்தாலும் இவர் விடமாட்டார். “கண்டக்டர் பொண்டாட்டிக்கு சீட்டு போட்டுட்டான்னு ஜனம் பேசும்” என்பார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். பால்கனிக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அன்றைக்கு வாசலில் நாற்காலியோடு புருஷன் நிற்கவும், தனக்குத்தான் என்று நினைத்துவிட்டாள். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஒடிந்த காலுக்குச் செங்கல் வைத்து, பால்கனியில் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் திரும்பவும் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமான கூட்டம். பறவை மட்டும் இல்லை. குளம் துடைத்து வைத்த தட்டுப் போல இருந்தது.

“அது உக்கார்ற மேடு எங்க?” என்றாள் மருந்துக்கடைக்காரம்மா, தூரக்கண்ணாடியை இறக்காமலே.

“நேத்துகூட நடுவுல இருந்துச்சே” என்றார் டயர்க்கடைக்காரர்.

சம்பந்திக்கு முந்தின நாள் தோளில் தூக்கிவந்த நாற்காலி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்தார். நான் அப்போது பால்கனியில் அவளோடுதான் இருந்தேன்.

“எந்திரி. அது அந்தப் பறவையோட சீட்டு.”

“டிக்கெட் வச்சிருக்கா அது?”

“வெளையாடாத. ஆபீசர் வர்ற நேரம். வேற எதுலயாவது உக்காரு.”

“இத்தன வருஷம் நின்னாச்சு. இப்பத்தான் எனக்கு எடம் கெடச்சிருக்கு. என் ஸ்டாப்பு வரட்டும், எறங்குறேன்.”

“நீங்களாவது சொல்லுங்க சம்பந்திம்மா.”

“சொல்றேன்” என்றேன். “நீ எந்திரிக்காத சம்பந்தி.”

நான் அவள் பக்கம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான்.

வெறுங்கையோடு திரும்பி, பறவை அத்தனை நாளும் உட்கார்ந்தது ஒரு நாற்காலியில் என்று உள்ளதைச் சொன்னார். உடனே ஆளுக்கு ஒரு யோசனை. டயர்க்கடையிலிருந்து முக்காலி வந்தது. மருந்துக்கடையிலிருந்து சுழல் நாற்காலி வந்தது. அவரவர் வீட்டிலிருந்து மர நாற்காலி, மடக்கு நாற்காலி, பிள்ளைகளுடைய குட்டி நாற்காலி என்று எல்லாம் தண்ணீரில் இறங்கின. குளத்துக்குள்ளே ஏதோ மாநாடு நடக்கப்போவதுபோல இருந்தது. அந்த நேரம் பார்த்து அதிகாரியும் வந்து சேர்ந்தார்.

“யாரு உக்காரப் போறாங்க?”

“ஒரு பறவைங்க” என்றார் சம்பந்தி.

“ஒரு பறவைக்கா இத்தனை?”

“அதுக்கு எது பிடிக்கும்னு தெரியலைங்க.”

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். சம்பந்தி கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் நின்றவர்கள் ஒருவரையொருவர் ஏவிக்கொண்டு கத்தினார்கள். வரிசை கலைந்தது. இவர் விசிலைத் தொடவில்லை.

இதெல்லாம் பிறகு டயர்க்கடைக்காரர் சொன்னது; எங்கள் பால்கனிக்குக் குளம் தெரியாது. ஆனால் சத்தம் கேட்கும். சம்பந்தியம்மா காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

“விசிலே கேக்கலையே சம்பந்தி.”

“கேக்கலைன்னா நிம்மதிதான?”

“இல்ல. இந்த மனுஷன் காய்ச்சல்லயும் ஊதினவரு.”

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். பின்னால் நான் செங்கல்லோடு நடந்தேன். செங்கல் எதற்கு என்று எனக்கே தெரியாது. நாற்காலியோடு அதுவும் சேர்ந்ததுதானே என்று எடுத்துக்கொண்டேன்.

குளக்கரையில் அவள் புருஷனிடம் நாற்காலியைக் கொடுத்தாள். அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“நேத்து எப்படி நின்னுச்சோ அப்படியே வச்சிட்டு வாங்க. மத்தவங்க எல்லாம் கரையேறுங்க. இத்தன பேரு தண்ணிக்குள்ள நின்னு கத்துனா எந்தப் பறவை எறங்கும்? வாய மூடிட்டு உக்காருங்க. ஆபீசர் சார், உங்களையும்தான்.”

ஊரே உட்கார்ந்தது. சம்பந்தி நாற்காலியைச் சேற்றில் சாய்த்து வைத்துவிட்டு, கால் சத்தம் கேட்காமல் திரும்பி வந்தார்.

பறவை இவ்வளவு நேரமும் விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்திருக்கிறது. மெல்ல இறங்கியது. நேராகத் தன் இடத்துக்குப் போகக் கூடாதா? முதலில் மருந்துக்கடைச் சுழல் நாற்காலியில் இறங்கியது. நாற்காலி சுழன்றது. பறவையும் கூடவே சுழன்றது. ஒரு சுற்றுச் சுற்றி, முகம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கழுத்தை நீட்டிப் பார்த்து, அவமானப்பட்டதுபோல ஒரு தாவு தாவிப் பழைய நாற்காலிக்கு வந்தது. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. பிறகு இறக்கையை விரித்தது.

டயர்க்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதிகாரி ஏதோ எழுதி, அடியில் கோடும் போட்டார்.

“குளம்னே எழுதிட்டேன்” என்றார் ரகசியமாக. “வண்டி நிறுத்த எங்க எடம் இருக்கு? எல்லாத்துலயும் நாற்காலி போட்டு வச்சிருக்கீங்க.”

“ரைட்டுங்க” என்றார் சம்பந்தி. சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அப்போதுதான் பார்த்தேன். ஊரெல்லாம் உட்கார்ந்திருக்க, சம்பந்தியம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரக் கரையில் இடமில்லை.

“இங்கயும் எனக்கு ஸ்டாண்டிங்தான் போல” என்றாள் என்னிடம்.

அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மெதுவாகத் தண்ணீரில் இறங்கி, ஓரத்தில் கிடந்த டயர்க்கடை முக்காலியைத் தூக்கி வந்தார். தோள் துண்டால் துடைத்தார். அத்தனை ஜனத்துக்கும் நடுவில், அதிகாரிக்குப் பக்கத்தில் போட்டார்.

“எடம் காலியா இருக்கு. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, எத்தனை நாள் ஆசையோ, கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள்.

பறவை பறந்தே போய்விட்டது.

போகட்டுமே. அதுதான் எழுதியாகிவிட்டதே.