மேனேஜரம்மா வீட்டு விருந்தாளி

வபாஷ் ஆற்றை ஒட்டிய எங்கள் டிரெய்லர் வண்டி வீட்டுக் குடியிருப்பில் அத்தனை வீடுகள் இருந்தும் வாலாட்டும் ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு முழுக் காரணம் மேனேஜர் வெர்னா ஸ்டக்கி. வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்று விதி போட்ட உரிமையாளர் ஃப்ளோரிடாவில் இருந்தார். விதியைக் காப்பாற்ற வெர்னா இங்கே இருந்தார்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வருஷக்கணக்கில் பரிமாறி ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ஒளித்து வைத்த பூனையை மோப்பம் பிடிப்பதில் நாயெல்லாம் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஒரு வீட்டில் தங்கமீன் தொட்டியைக்கூட எடுக்கச் சொல்லிவிட்டார்.

"மீன் என்ன பண்ணும் வெர்னா?" என்று நான் கேட்டேன்.

"மீன் ஒண்ணும் பண்ணாது லோரீன். அதைத் தேடிக்கிட்டு பூனை வரும்."

எதிர் வீட்டுக்காரர் மெர்ல் ஹாஸ்கெட், பிஸ்கட் என்ற தன் நாயை டெர் ஹோட் ஊரில் இருக்கும் தங்கையிடம் கொண்டுபோய் விட்டதும் இவரால்தான். அன்றிலிருந்து மெர்ல் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்திவிட்டார். 'மேனேஜரம்மா' என்பார். அதை அவர் சொல்லும் விதத்தில் மரியாதை துளியும் இருக்காது.

மே மாதம் ஒரு நாள் வெர்னா தன் வாசலில் பூந்தொட்டியை நகர்த்தப்போய் அலறினார். "லோரீன்! மண்வெட்டி எடுத்துட்டு ஓடி வா!"

ஓடினேன். தொட்டி இருந்த ஈரத்தில் ஒரு பழுப்புப் பாம்பு. பென்சில் தடிமன்தான் இருக்கும். முதுகில் இரண்டு வரிசை கறுப்புப் புள்ளிகள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நத்தையும் புழுவும் தின்று பிழைக்கிற, யாரையும் ஒன்றும் செய்யாத ஜாதி. ஆனால் அதற்கு அது தெரியாது போலிருக்கிறது. உடம்பைத் தட்டையாக்கி, தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் மிரட்டியது.

இந்தக் குடியிருப்பில் வெர்னாவை மிரட்டியவர் அதுவரை யாருமில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"திமிரப் பாரேன் இதுக்கு!" என்றார். குரலில் பாராட்டு இருந்தது. மண்வெட்டியைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து பாம்பை அதில் பிடித்துப் போட்டார்.

நாளைக்கு ஆற்றோரம் விட்டுவிடுவேன் என்றார். மறுநாள், விட்டால் பறவை கொத்திவிடும் என்றார். அடுத்த வாரம் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. பாசி, மரப்பட்டை, ஜாடி மூடியில் தண்ணீர், தொட்டியை மறைக்க ஒரு திரை.

"வளர்க்கிறீங்களா?" என்றேன்.

"வளர்க்கல. தங்க வெச்சிருக்கேன். விருந்தாளி."

விருந்தாளி சாப்பிட மறுத்தது. கொத்துக்கறி வைத்துப் பார்த்தார், தொடவில்லை. மண்புழுதான் வேண்டும் என்றேன். அந்தக் கோடை வறட்சியில் மண்புழு கிடைக்கும் ஒரே இடம், தூண்டில் போடும் மெர்ல் தன் வீட்டுப் பின்புறத்தில் புழு சேர்த்து வைக்கும் பழைய ஃப்ரிட்ஜ். வெர்னா உதட்டைக் கடித்துக்கொண்டு அங்கே போனார்.

"கொஞ்சம் புழு வேணும்."

"மீன் பிடிக்கவா?"

"ஆமா."

"தூண்டில் இருக்கா?"

"வாங்கணும்."

மெர்ல் கொடுத்தார். மறு வாரமும் கொடுத்தார். அதற்கடுத்த முறை, "என்ன மேனேஜரம்மா, என் புழுவெல்லாம் போகுது, உங்க வீட்ல ஒருநாள்கூட மீன் வாசனை வரலியே?" என்றவர், டப்பாவைத் தானே தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். திரை விலகியிருந்தது. பாம்பு தட்டையான தலையைப் பட்டைமேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

மெர்ல் வெகுநேரம் குனிந்து நின்றார். "பேர் என்ன?"

"பேரெல்லாம் கிடையாது. பேர் வெச்சா வளர்ப்புப் பிராணி ஆயிடும்."

"என் பிஸ்கட்டுக்குப் பேர் வெச்சதுதான் தப்பா?"

வெர்னாவின் முகம் காது வரை சிவந்தது. மெர்ல் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் வெளியே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஆகஸ்டில் பாம்பு குண்டானது. தன் பராமரிப்பில் உடம்பு தேறிவிட்டதாக வெர்னா பெருமைப்பட்டுக்கொண்டார். ஒரு காலை என் கதவை இடித்தார். "லோரீன், அது அவனில்ல. அவ!"

தொட்டி நிறையத் தீக்குச்சி போன்ற குட்டிகள், கழுத்தில் வெளிர் வளையத்தோடு. முட்டையிடாமல் குட்டி போடுகிற ஜாதி அது. தொட்டி மூடியின் இடுக்கு அவை வெளியேறப் போதுமானதாக இருந்தது. மதியத்துக்குள் பொதுத் துணி துவைக்கும் அறையில் ஒன்று கண்ணில் பட்டு, ஆளாளுக்கு மெஷின்மேல் ஏறி நின்றார்கள்.

"யாரோ பாம்பு வளர்க்கிறாங்க! வீடு வீடா சோதனை போடுங்க வெர்னா!" என்று கத்தியவர் தங்கமீனைப் பறிகொடுத்த அம்மா.

ஆற்றிலிருந்து வந்திருக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வெர்னாவோ கடைசியில், "என் வீட்டுதுதான்" என்றார்.

மெஷின்மேல் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள்.

அங்கிருந்தே ஃப்ளோரிடாவுக்குப் போன் போட்டு, விதியை மீறிவிட்டேன், வேலையை விடுகிறேன் என்றார். உரிமையாளருக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. "எந்த விதி? நானே மூணு நாய் வெச்சிருக்கேனே! அந்த விதியை எப்பவோ எடுத்திருக்கலாம், நீங்க கேக்கவே இல்ல. இன்னியோட எடுத்துடுங்க, வேலையை விட வேணாம்."

மெர்ல் அன்றைக்கே டெர் ஹோட்டுக்கு வண்டியை எடுத்தார். சாயங்காலம் தனியாகத் திரும்பினார். பிஸ்கட் அவர்மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியதாம். பிறகு போய்த் தங்கையின் காலடியில் படுத்துவிட்டதாம். "தினமும் பன்றிக்கறி வறுத்துப் போடுறா. யார்தான் வருவா?" என்று சிரிக்கப் பார்த்தார். வெர்னா, "என்னாலதான் மெர்ல்" என்றார். அவர் இல்லையென்று சொல்லவில்லை.

பிடிபட்ட குட்டிகளை மூவருமாக ஆற்றங்கரைக் கற்களுக்கிடையே விட்டோம். தாயை மட்டும் வெர்னா கொடுக்கவில்லை. இப்போது எங்கள் தெருவில் மூன்று வீட்டில் நாய். குரைக்கிற சத்தத்தில் தலை வெடிக்கிறது என்று என்னிடம்தான் புலம்புவார், அவர்களிடம் ஒரு வார்த்தை கிடையாது.

குளிர்காலத்தில் பாம்பு தூங்க வேண்டும் என்று மெர்ல் எங்கோ கேட்டுவந்து சொன்னார். தொட்டியைத் தன் கொட்டகையில் வைக்க இடமும் கொடுத்தார். வெர்னா தினமும் குளிர் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நிற்பார். தொட்டியில் பாசியைத் தவிர ஒன்றும் தெரியாது.

"மூச்சு விடுதா மெர்ல்?"

"விடும், விடும். கிளறாதீங்க வெர்னா, தூங்கட்டும்."